'சினிமாஸ்' குணரத்தினமும் எரிந்த ஸ்ரூடியோவும்

சிங்களத் திரையுலகின் வரலாற்றை எழுதப் புகுவோர் கே. குணரத்தினம் என்ற தமிழரின் பெயரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. எனினும், இன்றைய தலைமுறையினரில் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்?

1947இல் மதுரையில் தயாரான முதலாவது சிங்களப் பேசும் படத்துக்கும் முதலிட்டவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழரே. குணரத்தினம் அதே வழியில் வந்தவர். அவரது சினிமாஸ் லிமிட்டெட், இந்நாட்டின் திரைப்பட வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்த மூன்று பெரும் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1953இல் அவர் தயாரித்த 'சுஜாதா' பெரும் வசூலை ஈட்டியது. அக்காலச் சிங்களப் படங்கள் பல இந்தியப் படங்களின் நிழலாகவே இருந்தன என்பதும், அக்குறையில் அவருக்கும் பங்குண்டு என்பதும் மறுப்பதற்கில்லை. ஆனால், அதே மனிதர்தான் 'ரேகாவ' வசூலில் தோற்றபின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸை நம்பி 'சந்தேசய'வை எடுக்க வைத்தார். போர்த்துக்கேயரை எதிர்த்த மக்களின் கதையான அப்படம் 1960இல் வெளியாகி வெற்றி பெற்றது. முத்துசாமியின் இசையும் முஹிதீன் பேக்கின் குரலும் சிங்களத் திரைக்கு உரியனவாகவே ஏற்கப்பட்ட காலம் அது. யாரும் இனம் கேட்டு ரசிக்கவில்லை.

1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசமாக்கியது. தனியார் ஏகபோகம் உடைந்தமை நியாயமே. ஆனால் அதன் இடத்தில் அரச ஏகபோகம் வந்தமர்ந்தது. சினிமாஸின் பொற்காலம் அத்துடன் முடிந்தது.

சட்டம் பறித்தது வணிகத்தை மட்டுமே. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவுக்கு இனவெறிக் கும்பல் தீயிட்டது. கருவிகளுடன் படச்சுருள்களும் சாம்பலாயின. தீயிட்டவர்கள் தமிழரின் சொத்தை அழிப்பதாகவே எண்ணியிருப்பர். எரிந்த சுருள்களில் பேசியதோ அவர்களின் தாய்மொழி.

அதன் பின்னரும் குணரத்தினம் நாட்டைவிட்டுப் போகவில்லை. தெற்கு முழுவதும் இரத்தத்தில் தோய்ந்திருந்த 1989 ஓகஸ்ட்டில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.