பழைய லம்போர்கினி... எந்த வருஷத்து வண்டி? கண்டுபிடிக்க உதவும் ஒரு விவசாயி மகனின் கதை!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய டிராக்டர் வாங்கப் போறவங்க, எந்த வருஷத்து வண்டி என்றுதான் முதலில் கேட்பார்கள். பெயின்ட் அடித்து புதுசு மாதிரி நிறுத்தி வைத்திருந்தாலும் ஆர்.சி. புக்கைப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். கோடிகளில் விலைபோகும் பழைய லம்போர்கினி காருக்கும் இதே கேள்விதான். அதை உருவாக்கிய ஃபெருச்சியோ லம்போர்கினியின் வாழ்க்கை தெரிஞ்சிருந்தா, பாதி விடை கிடைச்சிடும்.

யார் இந்த லம்போர்கினி?

1916 ஏப்ரல் 28-ல் வட இத்தாலியின் ரெனாட்சோ கிராமத்தில் திராட்சை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு வயலைவிட மெஷின் மேல்தான் ஆசை. இரண்டாம் உலகப்போரின்போது ரோட்ஸ் தீவில் ராணுவ வண்டிகளை ரிப்பேர் பார்த்தார். பிரிட்டிஷாரிடம் கைதியாக இருந்து, 1946-ல் ஊர் திரும்பினார்.

ஊரில் உழுவதற்குப் போதிய டிராக்டர் இல்லை. ஆனால் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள் நிறையக் கிடந்தன. அந்தப் பாகங்களை வைத்தே டிராக்டர் செய்தவர், 1948-ல் டிராக்டர் கம்பெனி தொடங்கினார். ஆக, 1963-க்கு முந்தைய லம்போர்கினி என்று யாராவது சொன்னால், அது கார் இல்லை, டிராக்டர்!

கிளட்ச்சில் தொடங்கிய பகை

டிராக்டரில் சம்பாதித்த காசில் ஃபெராரி கார் வாங்கினார். கிளட்ச் அடிக்கடி மக்கர் செய்தது. கழற்றிப் பார்த்தால், தன் டிராக்டரில் போடும் அதே ரக கிளட்ச்! புகாரோடு போன தன்னை என்சோ ஃபெராரி மதிக்கவில்லை என்பது லம்போர்கினி பிற்காலத்தில் சொன்ன கதை. 1963-ல் சொந்தமாக கார் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருஷமே 350 ஜிடி கார் விற்பனைக்கு வந்தது.

1966-ல் ஜெனீவா கண்காட்சியில் வந்த மியூரா, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 12 சிலிண்டர் இன்ஜின், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் இருந்தது. ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பெயர் பிடிக்கும். ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்க்கும் குடும்பத்தின் பெயர்தான் மியூரா.

மியூராவின் வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

* பி400 (1966-69): ஹெட்லைட்டைச் சுற்றி இமைமுடி மாதிரி கறுப்புக் கோடுகள் இருக்கும்.
* பி400 எஸ் (1968 கடைசி-71): இமைமுடி உண்டு. ஜன்னல் ஓரங்களில் குரோம் பட்டை, பவர் விண்டோ சேர்ந்தன.
* பி400 எஸ்.வி (1971-73): பெரும்பாலும் இமைமுடி கிடையாது. பின்பக்கம் அகலம்.

ஆனால் தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துடுவோம். பழைய மியூராக்கள் சிலவற்றை உரிமையாளர்கள் பின்னாளில் எஸ்.வி மாதிரி மாற்றிவிட்டார்கள். அதனால் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் கம்பெனி ஆவணத்தோடு ஒப்பிட்டுத்தான் வருஷத்தை உறுதி செய்வார்கள். இதற்காகவே லம்போர்கினி கம்பெனியில் 'போலோ ஸ்டோரிகோ' என்ற தனிப்பிரிவு இருக்கிறது.

மறுபடியும் திராட்சைத் தோட்டம்

பொலிவியாவுக்கான பெரிய டிராக்டர் ஆர்டர் ரத்தானதில் பண நெருக்கடி. 1972-ல் கார் கம்பெனியின் பெரும்பங்கை விற்றவர், 1974-ல் மிச்சத்தையும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த கார்களில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான். டிராக்டர் கம்பெனியும் கைமாறியது. இப்போது அது இருக்கும் எஸ்.டி.எஃப் குழுமத்துக்கு நம்ம ராணிப்பேட்டையில் டிராக்டர் ஆலை இருக்கிறது.

உம்ப்ரியா பகுதியில் நிலம் வாங்கி, பெற்றோர் செய்த திராட்சை விவசாயத்துக்கே திரும்பிய லம்போர்கினி, 1993 பிப்ரவரி 20-ல் தன் 76 வயதில் காலமானார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

பழைய டிராக்டரோ, காரோ, ஆர்.சி-யில் பதிவுத் தேதியை மட்டும் பார்க்காதீங்க. தயாரிப்பு மாதம், வருஷம் தனியாக இருக்கும். ஷோரூமில் நின்ற வண்டி அடுத்த வருஷம்கூடப் பதிவாகியிருக்கலாம். வண்டியில் பொறித்த சேசிஸ் நம்பரும், ஆர்.சி-யில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்க.