நாசிலுக்குப் பின்னால் ஒரு மனிதர்



டீசல் வண்டி வேலை பழகும் நமக்கு பாஷ் என்றால் ஒரு பம்ப், ஒரு நாசில், பம்ப் ரூம் வாசலில் தொங்கும் போர்டில் ஒரு பெயர். அது ரத்தமும் சதையுமாய் வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கதையைப் படித்ததும் நம்ம மலரில் எழுதியே ஆகணும் என்று தோன்றியது.

ராபர்ட் பாஷ் 1861 செப்டம்பர் 23 அன்று, ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது. பெற்றோர் சத்திரமும் நிலமும் வைத்திருந்தவர்கள், ஆகவே ஏழைப் பையன் என்று கதை கட்ட முடியாது. பதினைந்து வயதில் நுண்கருவி மெக்கானிக்கிடம் தொழில் பழகப் போனார். அந்த மாஸ்டர் ஒழுங்காக எதுவும் சொல்லித் தரவில்லை. அந்த வருத்தம் பாஷுக்குக் கடைசிவரை இருந்தது. பிறகு ஊர் ஊராய் வேலை பார்த்தார். ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சில மாதம் பாடம் கேட்டதோடு சரி, பட்டம் கிடையாது. 1884ல் அமெரிக்கா போய் எடிசன் கம்பெனியில் வேலை, அடுத்து இங்கிலாந்தில் சீமென்ஸ்.

1886 நவம்பர் 15ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்தப் பட்டறை. கையில் 10,000 மார்க். உடன் ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன். டெலிபோன் மாட்டுவது, மணி மாட்டுவது என்று கிடைத்ததெல்லாம் செய்தார். பல வருஷம் கடனும் இழுபறியும்தான். அடுத்த வருஷமே ஒரு வாடிக்கையாளருக்காக இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைச் செய்தார். 1897ல் அது வண்டியில் ஏறியது. 1902ல் அவரிடம் வேலை பார்த்த ஹோனோல்ட் என்ற இன்ஜினியர் ஹை வோல்டேஜ் மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தார். அதன்பிறகு பணம் கொட்டியது.

1906லேயே தன் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலை கொண்டுவந்தார். மற்ற முதலாளிகள் அவரைச் சிவப்பு பாஷ் என்று கேலி செய்தார்கள். ஆனால் எட்டு மணி நேரமென்றால் இரண்டு ஷிப்ட் ஓட்டலாம், மெஷின் சும்மா நிற்காது. அந்தக் கணக்கும் அவருக்குத் தெரியும். 1913ல் அவர் தொழிற்சாலையிலும் ஸ்ட்ரைக் நடந்தது. அதே ஆண்டு தொழில் பழகும் பையன்களுக்கென்று தனிப் பயிற்சிப் பட்டறை திறந்தார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குக் கொடுத்தார் என்று நான் நினைக்கிறேன்.

இனிதான் நம்ம விஷயம். ருடால்ஃப் டீசல் 1897ல் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். ஆனால் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊத அழுத்தக் காற்று வேண்டும், அதற்குத் தனி கம்ப்ரசர் வேண்டும். கப்பலுக்கும் மில்லுக்கும் சரி, லாரிக்கு எப்படி ஆகும்? கடன் சுமையோடு 1913ல் டீசல் கப்பலிலிருந்து காணாமல் போனார். காற்று இல்லாமல் பம்ப்பாலேயே பீய்ச்சப் பலர் முயன்றார்கள்.

பாஷ் 1922ல் அதைச் செய்வது என்று முடிவெடுத்தார். அப்போது அவருக்கு 61 வயது. முந்தைய வருஷம்தான் மகனை நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். இதைக் கவனியுங்கள் நண்பர்களே! டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறியே வேண்டாம். அதாவது மேக்னெட்டோ வேண்டாம், பிளக் வேண்டாம். தன் சொத்தையெல்லாம் சம்பாதித்துக் கொடுத்த சரக்கு எந்த இன்ஜினுக்குத் தேவையே இல்லையோ, அதற்காகப் பணம் போட்டார்! ஐந்து வருஷம் கழித்து 1927ல் பம்ப் வரிசையாக உற்பத்திக்கு வந்தது. அப்புறம்தான் டீசல் லாரி ரோட்டை நிறைத்தது. 2025ல் சென்னையில் மின்சாரப் பஸ் ஓட ஆரம்பித்தபோது எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு, நாம் படிப்பது வீணாகுமா என்று. எனக்கு இந்த 61 வயசுக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

ஏன் ஐந்து வருஷம்? நாசிலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். நீடிலுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். நான் ஆரணியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். பட்டுப்பூச்சி விடும் ஒற்றை இழையே சுமார் 20 மைக்ரான் இருக்கும்! இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். ஒன்றின் நீடில் இன்னொன்றின் பாடிக்கு ஆகாது. தேய்ந்தால் ஜோடியாகத்தான் மாற்றணும்.

தேய்ந்த வண்டி எப்படி இருக்கும்? மேட்டில் இழுக்காது, கரும்புகை கக்கும், டீசல் குடிக்கும். அதை மட்டும் வைத்துப் புது நாசில் வாங்க ஓட வேண்டாம். அடைத்த ஏர் பில்டரும் அதே புகையைத்தான் விடும். இன்ஜெக்டரை டெஸ்டரில் மாட்டி லீவரை அடியுங்கள். பழைய வகை லாரி, பஸ் இன்ஜெக்டர் பெரும்பாலும் 200 பார் பக்கத்தில் திறக்கும். சரியான எண் கம்பெனி புத்தகத்தில் இருக்கும். எல்லா ஓட்டையிலும் ஒரே மாதிரி புகையாய் வரணும், நுனியில் சொட்டக் கூடாது. பிரஷர் குறைந்தால் ஷிம் போட்டோ ஸ்க்ரூ திருகியோ ஏற்றலாம். சுத்தம் செய்தும் சொட்டினால் மாற்றியே ஆகணும். மாட்டும்போது புது காப்பர் வாஷர் போடுங்கள். ஸ்ப்ரே முன்னால் கையை நீட்டாதீர்கள், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இப்போதைய காமன் ரெயிலில் 1600 பாருக்கு மேலும் போகிறது, அதற்கு இந்தக் கை டெஸ்டர் போதாது.

பாஷின் கடைசிக் காலம் ஹிட்லர் ஆட்சியில் கழிந்தது. ஹிட்லரை எதிர்த்தவர்களுக்கும் துன்பப்பட்ட யூதர்களுக்கும் மறைவாக உதவினார். அதே சமயம் அவர் கம்பெனி போருக்குச் சரக்கு செய்தது, பிடித்து வந்தவர்களைக் கட்டாய வேலை வாங்கியது. இரண்டும் உண்மை. 1940ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனை கட்டிக் கொடுத்தார். 1942 மார்ச் 12ல் காலமானார்.

அவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, 1951ல், பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. நம் பக்கத்து லாரிகளுக்குப் பம்ப்பும் நாசிலும் மைக்கோ செய்து கொடுத்தது. 2008ல் மைக்கோ என்ற பெயரை எடுத்துவிட்டு பாஷ் என்று வைத்தார்கள். வயசான மெக்கானிக்குகள் இன்றும் கடையில் மைக்கோ நாசில் என்றுதான் கேட்கிறார்கள்.