பவ்விய ஜீவன்: உ. வே. சாமிநாதையர் வாழ்வு காட்டும் வழி

குரோதம், மானம், மாயை, லோபம் என்று நம் ஆன்றோர் எண்ணிய நான்கு கஷாயங்களுள் கற்றவரை எளிதிற் பற்றுவது மானம். செல்வச் செருக்கை ஊரார் சுட்டிக் காட்டுவர். கல்விச் செருக்கோ, உடையவனுக்கே தெரியாமல் உள்ளே தங்கி, இனி அறியவேண்டுவது யாதுமில்லை என்று அவனை நம்பச் செய்துவிடும். தமது இருபத்தைந்தாம் வயதில் அதனை இனங்கண்டு, அதைக் களைந்தமையாலேயே உயர்ந்த ஒருவரின் வாழ்வை இம்மலரில் நினைவு கூர்வோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். சைவத்தில் ஊன்றிய அந்தணர். எனினும் நம் முன்னோரின் இல்லங்களுக்கு மாணவராய் வந்தவர். நம் பெருங்காப்பியம் ஒன்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர். அவரே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர்.

இளமையும் கல்வியும்

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். குடும்பத்தில் வறுமை நிலவியது. எனினும் மகனுக்குத் தமிழ்க் கல்வியில் இருந்த வேட்கையை அறிந்த தந்தையார், அரியலூர், குன்னம், செங்கணம் என ஆசிரியர் கிடைக்கும் ஊர்தோறும் குடும்பத்தை அழைத்துச் சென்றார். இறுதியில் 1871-இல், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாமிநாதர் மாணவராய்ச் சேர்ந்தார். ஆசிரியர் 1876-இல் மறையும் வரை அவர் நிழலாகவே இருந்து பாடங் கேட்டார். புராணங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என அக்காலத்துப் புலவர் கற்கும் நூல்கள் பலவற்றையும் முறையாகக் கற்றார்.

1880-இல், கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவரது முயற்சியால் அப்பதவி இவருக்குக் கிடைத்தது. பெரும்புலவரின் மாணவர் என்ற சிறப்பு, கல்லூரிப் பதவி, மாணாக்கரின் மதிப்பு ஆகிய யாவும் வாய்த்திருந்தன. அந்நிலையில் நின்றுவிட்டிருந்தாலும் குறை கூறுவார் இலர்.

ஒரு கேள்வி

அவ்வாண்டு சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்தார். பழந்தமிழில் ஆழ்ந்த பற்றுடையவர். அக்டோபர் 21-ஆம் நாள் ஐயர் அவரைக் காணச் சென்றார். யாரிடம் பாடங் கேட்டீர், என்னென்ன கற்றீர் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற நூல்களை வரிசையாகச் சொல்லி வந்தார். வியப்பை எதிர்பார்த்தவருக்கு வியப்பு கிட்டவில்லை. பிற்கால நூல்கள் இவை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டு, சீவகசிந்தாமணி முதலியவற்றின் பெயர்களைச் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. நூல் கிடைக்கவில்லை என்றார். அவ்வாறாயின் இவ்வளவு கற்றும் என்ன பயன் என்று முதலியார் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்.

அந்நேரத்தில் ஐயரின் முன் இரண்டு வழிகள் இருந்தன. கேட்டவரைக் குறை கூறி, அந்நூல்கள் தேவையற்றவை என்று தம்மைத் தேற்றிக்கொண்டு திரும்புவது ஒன்று. சொல்லில் உள்ள உண்மையை ஏற்பது மற்றொன்று. மனம் நோகத்தான் செய்தது. ஆயினும் அந்நோவைச் சினமாக மாற்றாது, முயற்சியாக மாற்றினார். நூல் கிடைத்தால் படித்துப் பார்ப்பேன் என்று சொல்லி வீடு திரும்பி, பின்னர் முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டார். அவரது வாழ்வு அன்று திசை மாறியது.

மனநலம் என்பது நோவே இல்லாதிருத்தல் அன்று. நொந்த மனம் அடுத்து என்ன செய்கிறது என்பதில் அது இருக்கிறது.

சமணர் இல்லத்தில் மாணவராய்

ஏட்டைத் திறந்தபின்புதான் தம் அறியாமையின் அளவு அவருக்குப் புலனாயிற்று. திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்டது. நச்சினார்க்கினியர் உரையும் உடன் இருந்தது. எனினும் சொற்களுக்குப் பொருள் தெரிந்த இடத்தும் கருத்து விளங்கவில்லை. வினைக் கோட்பாடு, கதிகள், அருகன் சமவசரணம், துறவோர் ஒழுக்கம் என அந்நூல் நிற்கும் நிலமே அவருக்குப் புதிது. இலக்கணப் புலமை அவ்விடத்தில் உதவவில்லை. அந்நெறியில் வாழ்வோரே உதவ வேண்டியிருந்தது.

கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் உள்ளன என்று அறிந்து அவர் அங்குச் சென்றார். சென்ற அன்று அவ்வீட்டு வாயிலில் மாக்கோலம் இடப்பெற்று, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஏதோ திருமணம் போலும் என்று எண்ணத்தக்க பொலிவு. விசாரித்தபோது, அவ்வில்லத்தார் மாதக் கணக்கில் சிந்தாமணியைப் படிக்கக் கேட்டு வந்து, அன்று அதனை நிறைவு செய்தனர் என்று தெரிந்தது. எந்நூலுக்கு வழி தெரியாமல் கல்லூரிப் பண்டிதர் தவித்தாரோ, அந்நூல் ஓர் இல்லத்தில் குடும்பத்தார் கூடிக் கேட்கும் அறநூலாக உயிரோடு இருந்தது.

சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய சமணப் பெருமக்கள் அவருக்கு ஐயம் தீர்த்தனர். ஐயர் நாள்தோறும் சென்று கேட்டார். பிறருக்கு ஆசிரியராயிருந்தவர் ஈண்டு மாணவராய் அமர்ந்தார். ஸ்ரீபுராணம் முதலிய நூல்களின் செய்திகளையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். பழங்காலத்தில் நச்சினார்க்கினியரும் தம் முதல் உரையைச் சமணர் ஏற்காமையால், சித்தாமூருக்கு வந்து நம் சமய நூல்களைக் கற்று, உரையை மீண்டும் எழுதினார் என்று வழிவழியாகச் சொல்வர். அவ்வுரையைப் பதிப்பிக்க வந்தவரும் அதே வழியில் நடக்க நேர்ந்தது.

அவர் கேட்கும் கேள்விகளின் நுட்பத்தையும், நம் நெறியை அறிவதில் அவருக்கிருந்த ஆர்வத்தையும் கவனித்து வந்த சமண இல்லத்துப் பெண்மணி ஒருவர், இவர் பவ்விய ஜீவனாக இருத்தல் வேண்டும் என்று கருத்துரைத்தார். வீடுபேற்றுக்குரிய தகுதியுடைய உயிரைப் பவ்வியம் என்பது நம் மரபு. இச்சொல்லைச் செவியுற்ற ஐயர் பெரிதும் மகிழ்ந்தார். பின்னாளில், 1906-இல் அரசினர் அவருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தனர். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. இவ்விரண்டுக்கும் முன்பே, ஓர் இல்லத்தரசியின் வாயால் வந்த பட்டம் இது.

ஐயர் தம் சமயத்தை விடவில்லை. திருநீறு அணிந்தே வந்தார், அணிந்தே சென்றார். நம்மவரும் அதனை வேண்டவில்லை. தன் நிலையில் நின்றுகொண்டே பிறர் நின்று காணும் காட்சியும் உண்மையின் ஒரு கூறு என்று ஏற்பதே அநேகாந்தம். அக்கோட்பாட்டை ஐயரும் நம் முன்னோரும் அந்த இல்லத்தில் வாழ்ந்து காட்டினர்.

எதிர்ப்பும் அமைதியும்

ஏட்டுச் சுவடிகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டு, பாட வேறுபாடு குறித்து, கல்லூரிப் பணிக்கிடையே ஏழாண்டுகள் உழைத்தபின், 1887-இல் சீவகசிந்தாமணி உரையுடன் வெளிவந்தது. அச்சுக்குரிய பொருளை அன்பர்களிடம் கையொப்பம் பெற்றே திரட்ட வேண்டியிருந்தது. சைவத் திருமடமாகிய திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் இவருக்குத் துணை நின்றார் என்பது நினைக்கத்தக்கது.

எல்லோரும் அவ்வாறு இருக்கவில்லை. சிந்தாமணியில் ஈடுபட்டிருந்த சோழ மன்னனைத் திருப்புதற்கே பெரிய புராணம் எழுந்தது என்று சொல்லும் வரலாறு சைவரிடையே வழங்கியது. அத்தகைய நூலைச் சைவர் ஒருவர் பதிப்பித்ததைச் சிலர் பொறுக்கவில்லை. பதிப்பில் பிழை கண்டதாகக் கண்டனங்கள் அச்சாகிப் பரவின. ஏழாண்டு உழைப்பு இகழப்படுவதைக் கண்டு ஐயர் வருந்தினார். கண்டனங்களுக்கு விடை எழுதி, கல்லூரியில் யாவராலும் மதிக்கப்பெற்ற பேராசிரியர் சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அத்தாளைக் கிழித்துப் போட்டார். இதற்கு விடையளித்தால் அதற்கொரு மறுப்பு வரும், அதற்கும் விடை எழுத நேரும். நற்பணிக்குரிய காலம் அதில் கழிந்துவிடும் என்று அறிவுறுத்தினார்.

ஐயர் அவ்வறிவுரையை ஏற்றார். கண்டனப் போரில் இறங்காமல் அடுத்த ஏட்டைக் கையிலெடுத்தார். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. அக்கண்டனத் தாள்களை இன்று தேடிப் படிப்பார் அரியர். இந்நூல்கள் இன்றித் தமிழ்க் கல்வியே இல்லை.

முதலில் மானம் அவரைச் சோதித்தது. அடுத்துக் குரோதம் சோதித்தது. இரண்டு முறையும் அவர் தனித்து வெல்லவில்லை என்பதையும் நாம் நோக்க வேண்டும். முதன்முறை உண்மையை முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் இருந்தார். இரண்டாம் முறை கையிலிருந்த தாளைக் கிழிக்க ஒருவர் இருந்தார். அத்தகையோரைப் பகையாக எண்ணாது நட்பாக வைத்துக்கொண்டமையே அவர் பெற்ற பேறு.

இறுதி வரை மாணவர்

1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப் பெற்று, 1919 வரை பணியாற்றினார். ஓய்வுக்கு முன்னும் பின்னும் ஏடுகளை விட்டாரல்லர். சமணப் புலவர் பவணந்தி முனிவரின் நன்னூலை மயிலைநாதர் உரையுடன் 1918-இலும், கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை 1924-இலும், உதயணகுமார காவியத்தை 1935-இலும் வெளியிட்டார். எண்பதாம் வயதிலும் நம் இலக்கியத்திற்கு உழைத்த கை அது.

எண்பத்தைந்தாம் வயதில், ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். பட்டங்களும் புகழும் பெற்ற முதியவர், தாம் முன்சீபின் முன் விடையின்றி நின்றதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. தமக்கு எது தெரியாதிருந்தது, அதனை யார் யார் கற்பித்தனர் என்பதை நன்றியோடு விரித்துரைத்தார். மானத்தை வென்றவருக்கே அது இயலும். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

சிந்தாமணியின் இறுதியில், கடுவன் ஒன்று தன் மந்திக்கு அளித்த பலாக்கனியைத் தோட்டக் காவலன் பறித்துக் கொள்வதைச் சீவகன் காண்கிறான். தன் அரசும் அத்தகையதே என்று உணர்ந்து துறவு பூணுகிறான். கைப்பற்றிய எதுவும் நிலையாகத் தங்குவதில்லை என்பது அதன் கருத்து. நூலுக்கும் அது பொருந்தும். பெட்டகத்தில் பூட்டி வைத்த ஏடு செல்லரித்துப் போயிற்று. படித்துக் கேட்ட ஏடு பிழைத்தது. கும்பகோணத்தில் அன்று மாக்கோலமிட்ட வீட்டார் தம்மைப் புலவரென்று எண்ணியவர் அல்லர். தம் நெறிக்குரிய சுவாத்தியாயத்தைக் குடும்பத்தோடு செய்தனர், அவ்வளவே. அதனால் ஒரு பெருங்காப்பியத்தின் பொருள் தவறாமல் நின்றது. அவ்வில்லங்களில் அவ்வழக்கம் அற்றுப் போயிருந்தால் ஐயர் எவரிடம் சென்று கேட்டிருப்பார்?

இன்று நம்மிடம் யாரேனும் அவ்வாறு வந்து கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இராமசுவாமி முதலியாரின் கேள்வி இப்போது நம் வாயிலில் நிற்கிறது. நோகட்டும்; நொந்தபின் செய்ய வேண்டியதை ஐயர் காட்டிச் சென்றிருக்கிறார். ஒளி மறையுமுன் உணவை முடிக்கும் நம் இல்லங்களில், அந்திக்குப் பின் ஒரு நாழிகைப் பொழுது எளிதில் வாய்க்கும். நாளொன்றுக்கு 9 செய்யுள் வீதம் படித்தால், 350 நாளில் சிந்தாமணி நிறைவெய்தும். மூத்தோர் படிக்க, இளையோர் கேட்கலாம். இளையோர் படிக்க, மூத்தோர் பொருள் சொல்லலாம். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு மட்டும் வேண்டும்.

அடுத்த ஆண்டு இத்திருநாள் வருவதற்குள், நம் வீடுகளுள் சிலவற்றின் வாயிலிலேனும் அத்தகைய மாவிலைத் தோரணம் கட்டும் நாள் ஒன்று வருவதாக.