பிறப்புச் சான்றிதழ் இல்லாத மக்களின் கவிஞர்: சி. வி. வேலுப்பிள்ளை

ஹட்டனிலிருந்து நானுஓயா நோக்கிச் செல்லும் புகையிரதம் கொட்டகலை, தலவாக்கலை ஆகிய நிலையங்களைக் கடந்து வட்டகொடையை அடைகிறது. வட்டகொடைக்கு அருகில் மடக்கும்புர என்னும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மலையக இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் சி. வி. வேலுப்பிள்ளை 1914 செப்டெம்பர் 14 ஆம் திகதி இத்தோட்டத்திலேயே பிறந்தார். அவர் கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கவாதி. சுதந்திர இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்தில் அமர்ந்தவர். வாக்களித்து அனுப்பிய மக்களின் வாக்குரிமையே அதே பாராளுமன்றத்தில் பறிபோவதைக் கண் முன்னே கண்டவர். அவருடைய வாழ்வைப் படிக்கும்போது, ஒரு மனிதன் ஒரு நாட்டுக்கு உரியவன் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

சி.வி. லயத்தில் பிறந்தவரல்லர். அவர் பெரிய கங்காணிக் குடும்பத்தின் பிள்ளை. பெரிய கங்காணி என்பவர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து தோட்டத்தில் சேர்ப்பவர். அவர்களுக்குக் கடன் கொடுப்பவரும், பிரட்டுக்களத்தில் வேலை வாங்குபவரும், பிணக்குகளைத் தீர்ப்பவரும் அவரே. ஒரு தொழிலாளி தோட்டம் மாற விரும்பினால் கடன் கணக்கு எழுதிய துண்டு ஒன்று வேண்டும். அந்தத் துண்டு கிடைக்காவிட்டால் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. இந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டு சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அப்போது சி.வி.க்கு ஏழு வயது. அதிகாரம் இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, அந்த அதிகாரத்தின் கீழே குனிந்து நின்ற மக்களையும் பார்த்தே வளர்ந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டங்களைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும். கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. அதை 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுத்து ஏட்டில் ஏற்றினர். முஸ்லிம்களாகிய நமக்குத் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை ஆகிய விடயங்களில் முஸ்லிம் சட்டம் உண்டு. இவை யாவும் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட வழமைகளை அரசு ஏற்றுக்கொண்டதால் வந்தவை. இவற்றில் பெரும்பகுதி காணி, வீடு, சீதனம், வாரிசு என்பவற்றைப் பற்றியே பேசுகிறது. மலையகத் தமிழருக்கும் வழமைகள் இருந்தன. ஆயினும் அவர்களுக்கென்று ஏட்டில் ஏறிய வழமைச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு துண்டுக் காணியேனும் இருந்தால்தானே வாரிசுச் சட்டம் வேண்டும்? குடியிருந்த லய அறை தோட்டத்துக்குச் சொந்தம். வாசலில் நட்ட வாழையும் தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே துரையின் கட்டளையும் கங்காணியின் சொல்லுமே அவர்களுக்குச் சட்டமாயிருந்தன.

சி.வி. ஹட்டனிலும், பின்னர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் கல்வி கற்றார். ஆங்கிலத்தில் கவிதை எழுதும் ஆற்றல் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. 1934 ஆம் ஆண்டு மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயது நிரம்பாத சி.வி. தாம் எழுதிய நாடகம் ஒன்றை அவரிடம் கொடுத்தார். அவர் நினைத்திருந்தால் கொழும்பிலேயே தங்கி, நல்ல உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து, ஓய்வு நேரத்தில் கவிதை எழுதியிருக்கலாம். ஆனால் அவர் மலைக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் மலைநாடு கொதித்துக் கொண்டிருந்தது. 1939 ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. மறு வருடம் ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி அவரே என்பர். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் சங்கத்தில் சேர்ந்தார்கள். சி.வி. அவர்களோடு நின்றார். இதே காங்கிரஸின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக ஏ. அஸீஸ் என்ற முஸ்லிம் இருந்தார் என்பதையும் நாம் நினைவிற் கொள்வது நல்லது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி.வி. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்ட மக்களின் வாக்குகள் துணைநின்றன. இந்த வாக்குப் பலமே அவர்களுக்கு ஆபத்தாகவும் முடிந்தது.

1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மாத்திரம் போதாது, தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் நாம் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது நம்முடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கவே எத்தனை வீடுகளில் அலுமாரிகள் தலைகீழாகின! லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த பாட்டனுக்குச் சான்றிதழை எங்கே தேடுவது? சுமார் 7 இலட்சம் மக்கள் ஒரே சட்டத்தினால் நாடற்றவர் ஆனார்கள்.

1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. திருமணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்தால், பதிவு மூலம் பிரஜையாகலாம். இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்காக வந்து நம் நகரங்களில் குடியேறிய முஸ்லிம்களும் இதே சட்டத்தின் முன்னே நிற்க வேண்டியிருந்தது. காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. விண்ணப்பிக்க இருந்ததோ இரண்டு வருடம் மட்டுமே. அதில் விலைமதிப்பற்ற காலம் கழிந்த பின்னரே அம்முடிவு மாறியது. மொத்தத்தில் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. இறுதியில் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் காங்கிரஸின் சார்பில் ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. விசித்திரம் என்னவென்றால், தொகுதிகளைப் பிரிக்கும்போது தோட்ட மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அதனால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கிடைத்தன. ஆனால் அந்த ஆசனங்களைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. வாக்குரிமை வழக்கு ஒன்று இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில்வரை சென்று 1953 ஆம் ஆண்டு தோற்றது.

1952 ஏப்ரலில் பிரதமரின் அலுவலகத்தின் முன்னால் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய 140 நாட்கள் நீடித்த அப்போராட்டத்தில் சி.வி.யும் பங்குகொண்டார். அரசு அசையவில்லை. சி.வி. அதன்பின் பாராளுமன்றத்துக்குப் போகவேயில்லை.

இங்கேதான் அவருடைய பெரிய பணி தொடங்கியது எனலாம். சட்டம் சான்று கேட்டது. மக்களிடம் கடதாசி இருக்கவில்லை. சி.வி. பேனாவை எடுத்துச் சான்று எழுதத் தொடங்கினார். 1950களில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை தேயிலைத் தோட்டத்தின் ஒரு நாளை, தப்போசையில் துயிலெழுவதிலிருந்து சொல்கிறது. தேயிலையைக் குடித்தவருக்கும் தோட்டங்களை ஆண்டவருக்கும் விளங்கும் மொழியில் அவர் எழுதியது தற்செயலானது என்று தோன்றவில்லை. பின்னர் அக்கவிதையைச் சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். தோட்ட மனிதர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும் அவரது ஆங்கில நூல் 1970 ஆம் ஆண்டு வெளிவந்தது. உழைக்கப் பிறந்தவர்கள் என்பது அதன் பெயரின் பொருள்.

தமிழில் அவர் எழுதிய நாவல்களுள் ‘வீடற்றவன்’ முக்கியமானது. தோட்டத்தில் சங்கம் தொடங்கும் ஒரு தொழிலாளி வேலையையும் அதனோடு இருப்பிடத்தையும் இழந்து அலைவதே அதன் கதை. பாதுகாப்பு என்றால் பொலிஸும் இராணுவமும் என்றே நாம் நினைக்கிறோம். இந்த நாவலைப் படித்தால், யாரும் வெளியேற்ற முடியாத ஒரு வீட்டுக் கதவே மனிதனின் முதற் பாதுகாப்பு என்பது புரியும்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவராயிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 ஆம் ஆண்டு இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இரண்டு தலைநகரங்களில் இருந்தவர்கள் எண்களைப் பங்கிட்டார்கள். அந்த எண்களுக்குள்ளே அக்கா இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்கும் என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலுக்குப் போகும் உறவினரை வழியனுப்பிய அழுகுரல்கள் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் நெடுங்காலம் கேட்டன.

வி. கே. வெள்ளையன் 1965 ஆம் ஆண்டு தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் சி.வி. இணைந்து பணியாற்றினார். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. பஞ்சம் வந்தது. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தனர். தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் பலியானார். ஒருகாலத்தில் சி.வி. பிரதிநிதியாயிருந்த பிரதேசம் அது. 1977, 1981, 1983 என வன்செயல்கள் அடுத்தடுத்து வந்தன. லயங்கள் எரிந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் அடைக்கலம் தேடிப் போனார்கள். அங்கே யுத்தம் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் சி.வி. முதுமையில் செய்த ஒரு வேலை என்னை மிகவும் கவர்ந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் பாடியவை, தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்த பாட்டு என மக்கள் வாயிலிருந்த பாடல்களை அவர் சேகரித்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தலைப்பில் 1983 ஆம் ஆண்டு அவை நூலாக வந்தன. நாட்டில் தீ எரிந்த அதே ஆண்டு! கப்பலில் வந்தது, காட்டை அழித்தது, அட்டை கடித்தது, கடனில் மூழ்கியது எல்லாம் அப்பாடல்களில் உண்டு. பதிவேட்டில் இல்லாத பாட்டனும் பூட்டியும் பாட்டில் இருக்கிறார்கள். ஏட்டில் ஏறாத ஒரு சமூகத்தின் வழமையை ஏட்டில் ஏற்றியவர் சி.வி.

1984 நவம்பர் 19 ஆம் திகதி அவர் காலமானார். பிரஜாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர்ந்ததை அவர் காணவில்லை. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டே நிறைவேறியது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாயிருந்த சட்டப் பிரிவு 2018 ஆம் ஆண்டே திருத்தப்பட்டது. சொந்தக் காணியும் சொந்த வீடும் இன்றும் பலருக்குக் கைக்கெட்டவில்லை. 2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து சென்றபோது கேட்டதும் அதைத்தான்.

நாம் வழமைச் சட்டம் உள்ள சமூகத்தின் பிள்ளைகள். நம் முன்னோரின் திருமணமும் வாரிசும் எங்கோ ஒரு பள்ளிவாசல் பதிவேட்டில் இருக்கலாம். ஆனாலும் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்கள் உம்மும்மா பாடும் தாலாட்டை, வாப்பும்மா சொல்லும் கடை வைத்த கதையை, பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியின் பிரிவுக் கதையை இந்த விடுமுறையில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சி.வி. காட்டிய வழி அது. அதற்குப் பாராளுமன்ற ஆசனம் தேவையில்லை. ஒரு கொப்பியும், காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும் போதும்.

க.பொ.த. உயர்தரம் – கலைப் பிரிவு