ஹென்றி சார்பி: இரும்புக்குள் எட்டிப் பார்த்தவர்

சேக்காடு பக்கம் இருந்து வர்றவங்களுக்கு ஆவடி ட்யூப் ப்ராடக்ட்ஸ் கம்பெனி புதுசு இல்லை. 1955-ல் தொடங்கியது. எஃகுப் பட்டையை வளைத்து, விளிம்பு ரெண்டையும் மின்சாரத்தால் சூடாக்கி அழுத்தினால் குழாய் ரெடி. இப்படி ஒட்டிய குழாய் ஒண்ணு எங்கேயோ பிளந்துடுச்சுன்னு வைங்க. என்ன செய்வாங்க? துண்டு வெட்டி, பேக்கலைட்டில் பதித்து, எமரி தாளில் தேய்த்து, நைட்டால் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. லேப்ல நாம கொட்டாவி விட்டுக்கிட்டே செய்யற அதே வேலை!

அதைத் தொடங்கி வைத்தவர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. 1826-ல் ஷெஃபீல்டில் பிறந்தார். வெட்டுக்கருவி செய்யும் குடும்பம். 21 வயதில் அப்பா இறந்ததும் சொத்து கைக்கு வந்தது. தொழிலுக்குப் போகவில்லை, வீட்டிலேயே ஆராய்ச்சிக்கூடம் வைத்தார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

முதலில் பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்துப் பார்த்தார். மலையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறாராம்னு கேலி பேசினார்கள். பிறகு விண்கல், அதிலிருந்து இரும்பு. 1863-ல் இரும்பைப் பளபளப்பாக்கி, நீர்த்த அமிலம் தடவி, உள்ளே இருந்த அமைப்பைக் கண்டார். அடுத்த வருஷம் பாத் நகரில் படங்களைக் காட்டினார். யாரும் பெரிசா எடுத்துக்கவில்லை. ரயில் விபத்து நடந்த இடத்தில் தண்டவாளத்தைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கன்னு அப்போ சொல்லியிருந்தால், தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்கன்னு பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார்.

இருபது வருஷம் அப்படியே போனது. 1880-களில் இரும்பு எஃகுத் துறையினர் கேட்டபோது திரும்பவும் அந்த வேலையை எடுத்தார். இந்த முறை சுமார் 650 மடங்கு பெரிதாக்கினார். முத்து மாதிரி மின்னிய பகுதி, தகடு தகடாக அடுக்கிய இரண்டு பொருள் என்று தெரிந்தது. நாம பரீட்சையில் படம் வரையற பெர்லைட் அதுதான்.

குழாய் விசாரணைக்கு இது எவ்வளவு முக்கியம் தெரியுமா? பாய்லர் ட்யூப் ரொம்ப நாள் அதிகச் சூட்டில் கிடந்தால் பெர்லைட்டின் தகடுகள் உடைந்து சின்னச் சின்ன உருண்டையாகிடும். வெளியே பார்த்தால் வெறும் கிழிசல். உள்ளே சூட்டின் வரலாறே இருக்கும். ஆபரேட்டர் ரீடிங் நார்மல்னு எழுதி வைத்திருந்தாலும் அந்த உருண்டைகளை மறைக்க முடியாது. ஒட்டு வாயில் சிக்கின கசடும் அதே மாதிரி மாட்டிக்கும்.

1903-ல் பக்கவாதம் வந்து படுத்தார். படுத்தபடியே பழைய குறிப்புகளை வைத்துப் பாறைகள் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை முடித்தார். 1908-ல் இறந்த பிறகுதான் அது வெளியானது. சார்பைட் என்ற எஃகு அமைப்புக்கு அவர் பெயர்தான்.