வராத பிளேயருக்கு என்ன விலை? சுருட்டுப் பிரியர் ரெட் அவர்பாக் கதை!

ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனை சென்னை வாங்கினப்போ எத்தனை வாட்ஸ்அப் குரூப் ரெண்டாச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா அங்கே ஒரு வசதி இருந்தது. ரெண்டு பேரும் எப்படி ஆடுவாங்கன்னு ஊருக்கே தெரியும். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் நடக்கும் வியாபாரம் வேற லெவல். கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டாரைக் கொடுத்துவிட்டு, இன்னும் காலேஜையே முடிக்காத ஒரு பையனை எடுக்கும் உரிமையை வாங்குவார்கள். அந்தப் பையன் யார் என்பதுகூட சில சமயம் தெரியாது!

அதுதான் 'டிராஃப்ட் பிக்'. புதிதாக வரும் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. அந்த இடத்தை மற்ற அணிக்கு விற்கலாம், மாற்றலாம். நம்ம திட்டக்குடி பக்கத்து பாஷையில் சொன்னால், விதைக்கும் முன்பே வெள்ளாமைக்கு விலை பேசுவது. வெலிங்டன் ஏரி நிரம்புமா, மழை ஏமாற்றுமா என்று தெரியாமலே கைமாறும் பேரம்.

இந்த பேரத்தில் கில்லாடி என்று பெயர் வாங்கியவர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரெட் அவர்பாக்.

சலவைக்கடைக்காரர் மகன்

1917 செப்டம்பர் 20-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து குடியேறிய யூதர், டிரை கிளீனிங் தொழில் செய்தவர். தலைமுடி செம்பட்டை என்பதால் ஆர்னால்ட் என்ற பையன் 'ரெட்' ஆனான். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடி, பள்ளியில் பாடம் நடத்தி, 1946-ல் வாஷிங்டன் அணிக்கு கோச் ஆனார்.

1949-ல் டிரை-சிட்டீஸ் அணிக்குப் போனார். அங்கே ஓனர் பென் கெர்னர், கோச்சைக் கேட்காமலேயே ஒரு வீரரை டிரேட் செய்துவிட்டார். ரெட் அந்த சீசனோடு வேலையை விட்டார். யாரைக் கொடுக்கணும், யாரை வாங்கணும் என்பதை ஆட்டம் தெரிந்தவன்தான் முடிவு செய்யணும் என்பதில் அவர் கறார். 1950-ல் பாஸ்டன் அழைத்தது. கோச், மேலாளர் என எல்லாம் அவர் கையில்.

ஆரம்பமே சறுக்கல்தான். உள்ளூர் ஹீரோ பாப் கூஸியை டிராஃப்டில் எடுக்காமல் உயரமான வேறொருவரை எடுத்தார். ஊரே திட்டியது. கொஞ்ச நாளில் கூஸி இருந்த சிகாகோ அணி இழுத்து மூடப்பட, மூன்று வீரர்களின் பெயரைத் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். பாஸ்டனுக்கு வந்த சீட்டில் கூஸி! அணியின் முதல் பெரிய ஸ்டார் இப்படித்தான் கிடைத்தார். கணக்கு ஒரு பக்கம், அதிர்ஷ்டம் ஒரு பக்கம்.

ஒரு பிக், பதினொரு கோப்பை

1956. செல்டிக்ஸ் நிறைய பாயின்ட் எடுக்கும், கோப்பை மட்டும் வராது. காரணம், தவறிய பந்தைப் பிடித்துத் தர ஆள் இல்லை. அந்த ஆள் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறான் என்று ரெட்டுக்குச் சொன்னவர் அவருடைய காலேஜ் கோச். பெயர் பில் ரஸ்ஸல்.

அந்த டிராஃப்டில் முதல் பிக் ரோசெஸ்டருக்கு. அவர்களிடம் ஏற்கெனவே நல்ல ரீபவுண்டர் இருந்ததால் ரஸ்ஸலை விட்டுவிட்டார்கள். இரண்டாவது பிக் செயின்ட் லூயிஸுக்கு. அந்த அணியின் ஓனர், அதே பென் கெர்னர்! அவர் கேட்ட விலை எட் மெக்காலே, கிளிஃப் ஹேகன். மெக்காலே அப்போதே ஸ்டார், சொந்த ஊரும் செயின்ட் லூயிஸ்தான். உடல்நலமில்லாத மகனுக்காக அவரும் ஊர் திரும்ப விரும்பினார். ரெட் இருவரையும் கொடுத்தார்.

அன்றைக்குப் பார்த்தால் பாஸ்டனுக்கு நஷ்டம். பின்னாளில் அந்த இருவருமே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தவர்கள். 1958-ல் பாஸ்டனையே தோற்கடித்து செயின்ட் லூயிஸ் கோப்பையும் வென்றது. ஆக, கெர்னர் ஏமாளி இல்லை. ஆனால் ரஸ்ஸல் 13 சீசனில் 11 கோப்பை வென்றார். ரெட் செய்த கணக்கு எளிமையானது. ஸ்டார் மதிப்பைப் பார்க்கவில்லை, தன் அணியில் எது இல்லை என்று பார்த்தார்.

ஜெயிப்பது உறுதி என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சுருட்டைப் பற்றவைப்பார். எதிரணிக்குப் பற்றி எரியும்! கோச்சாக 9 கோப்பை. அதில் கடைசி 8 தொடர்ச்சியாக. 1966-ல் விலகியபோது பொறுப்பை ரஸ்ஸலிடமே கொடுத்தார். என்பிஏ-வின் முதல் கறுப்பின தலைமை கோச் அவர்தான்.

அடுத்தவர் செய்த தப்பிலும் லாபம்

1978-ல் லேரி பேர்டை எடுத்தார். பேர்டுக்கு காலேஜில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மற்றவர்கள் தயங்கினார்கள், ரெட் காத்திருந்தார்.

1979-ல் பழைய காயம் திரும்ப வந்தது. கேஎஃப்சி-யால் பணக்காரரான ஓனர் ஜான் பிரவுன், ரெட்டைக் கேட்காமல் மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து பாப் மெக்காடூவை வாங்கினார். ரெட் கொதித்தார். ஆனால் இந்த முறை போனது ஓனர்தான். பிரவுன் அணியை விட்டு விலக, அதே மெக்காடூவை டெட்ராய்ட்டுக்கு அனுப்பி 1980-க்கான இரண்டு முதல் சுற்று பிக்குகளை வாங்கினார் ரெட். டெட்ராய்ட் 16 வெற்றி, 66 தோல்வி என்று மண்ணைக் கவ்வ, ஒரு பிக் நம்பர் 1 ஆனது!

அதையும் 13-வது பிக்கையும் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்து, ராபர்ட் பாரிஷையும் 3-வது பிக்கையும் வாங்கினார். மூன்றாவதாக எடுத்தது கெவின் மெக்ஹேலை. பேர்ட், பாரிஷ், மெக்ஹேல் மூவரும் சேர்ந்து 1981, 84, 86 என மூன்று கோப்பைகள்.

கணக்கில் வராதது

1984-ல் ஜெரால்ட் ஹெண்டர்சனை சியாட்டிலுக்கு அனுப்பினார். அந்த வருஷ ஃபைனலில் பந்தைப் பறித்து ஓர் ஆட்டத்தையே காப்பாற்றியவர் அவர். பதிலுக்கு வந்தது சியாட்டிலின் 1986 முதல் சுற்று பிக். இரண்டு வருஷத்தில் சியாட்டில் சரிந்தது. சாம்பியன் அணியின் கையில் 2-வது பிக்! தேர்ந்தெடுத்தது லென் பயஸ் என்ற 22 வயதுப் பையனை. பேர்டுக்குப் பிறகு இவன்தான் என்று ஊர் கொண்டாடியது.

ஜூன் 17 டிராஃப்ட். ஜூன் 19 காலை கொக்கைன் அந்தப் பையனைக் கொன்றது. செல்டிக்ஸ் சட்டையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பாஸ்டனின் அடுத்த கோப்பை 2008-ல்தான் வந்தது. அதைப் பார்க்க ரெட் இல்லை. 2006 அக்டோபர் 28-ல், 89 வயதில் மறைந்தார்.

பேப்பரில் பார்த்தால் ஹெண்டர்சன் டிரேட்தான் ரெட்டின் ஆகச் சிறந்த பேரங்களில் ஒன்று. முடிவில் அதிகம் வலித்ததும் அதுதான். அதற்காக அந்த முடிவு தப்பு என்று சொல்லிவிட முடியுமா? அன்று கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான். முடிவு வேறு, விளைவு வேறு. ஆனால் 'பிக்' என்று நாம் சொல்லும் அந்த நம்பருக்குள் ஒரு வீட்டுப் பிள்ளை இருக்கிறான். அவனுக்கு மட்டும் எந்த டிரேட் கணக்கிலும் விலை போட முடியாது.

அடுத்த ஏலத்தில் கபடி வீரரையோ கிரிக்கெட் வீரரையோ பார்த்து, இவனுக்கு இவ்வளவான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, இதை ஒரு செகண்ட் யோசிங்க பாஸ்.