கஜினியில் வாழ்ந்த இன்னொருவர்: அறிஞர் அல்-பிரூனி

விடாமுயற்சிக்கு உதாரணம் சொல்ல நம் ஊரில் கஜினி முகமதுவைத்தான் இழுப்பார்கள். பதினேழு முறை படையெடுத்தவர் என்று பள்ளியில் படித்தது அப்படியே மனதில் தங்கிவிட்டது. அதே கஜினியில், அதே சுல்தானின் அவையில் இருந்த இன்னொருவரை நாம் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வாளைத் தொடாமல் இந்த நாட்டுக்குள் வந்து, இங்குள்ளவர்களின் மொழியைப் படித்து, அவர்களின் நம்பிக்கைகளை அவர்களின் நூல்களிலிருந்தே எடுத்து எழுதியவர் அவர். பெயர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்-பிரூனி.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவருடைய வாழ்க்கை தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் கிரானைட் குவாரிகளுக்கும் பேர்போன இந்த மாவட்டம் மிகப் பழைய மண். மல்லச்சந்திரம் மலையில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை அவை. இத்தகைய திட்டைகளை நம் நாட்டு மக்கள் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆடுமாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நடுகற்கள் வயல் ஓரங்களில் நிற்கின்றன. இவற்றைக் காட்டி இது என்ன என்று பிள்ளைகள் கேட்டால், அது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லி நடையைக் கட்டுகிறவர்கள் நம்மில் பலர். அல்-பிரூனி அப்படி நடையைக் கட்டியவர் அல்ல.

ஊருக்கு வெளியே பிறந்தவர்

கி.பி. 973இல், ஹிஜ்ரி 362இல், குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரத்துக்கு அருகே பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அந்த ஊருக்கே இப்போது பெருனி என்று இவர் பெயர்தான். பாரசீகத்தில் பிரூன் என்றால் வெளியே என்று பொருள். புறநகரிலிருந்து வந்தவர் என்பதே பெயராக நிலைத்தது.

அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் இவருக்கு ஆசிரியராக அமைந்தார். பதினேழு வயதிலேயே சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார். 995இல் உள்நாட்டுப் போர் வெடித்து அந்த அரச குடும்பம் வீழ்ந்தது. இளைஞர் அல்-பிரூனி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. இந்த அலைச்சலுக்கு நடுவிலும் 997இல் ஒரு சந்திர கிரகணத்தைக் காத்திலிருந்து இவரும், பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் பார்த்துக் குறித்தார்கள். இரண்டு ஊர்களிலும் குறித்த நேர வித்தியாசத்தைக் கொண்டு ஊர்களுக்கு இடையிலான தீர்க்கரேகைத் தூரத்தைக் கண்டறிந்தார்கள்.

முந்தைய சமுதாயங்களின் கணக்கு

ஏறத்தாழ கி.பி. 1000இல், முப்பது வயதுகூட நிறையாத நிலையில், அல்-ஆஸார் அல்-பாகியா என்ற நூலை எழுதினார். கடந்த காலங்களில் எஞ்சி நிற்கும் அடையாளங்கள் என்பது தலைப்பின் கருத்து. பாரசீகர், யூதர், கிறிஸ்தவர், கிரேக்கர், எகிப்தியர், ஜாஹிலிய்யாக் காலத்து அரபுகள் என ஒவ்வொரு சமுதாயமும் ஆண்டை எப்படிக் கணக்கிட்டது, எந்த நாளில் எந்தப் பண்டிகை கொண்டாடியது, அந்தப் பண்டிகைக்கு என்ன கதை சொன்னது என்று வரிசையாகத் தந்தார். கதைகளைக் கேட்டபடி எழுதி வைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தாததைப் பொருந்தவில்லை என்றே எழுதினார். பூமியில் பயணம் செய்து முன் சென்றவர்களின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆன் சொல்வதை, அவர் நூல்களுக்குள்ளும் பயணம் செய்வதாக எடுத்துக்கொண்டார் போலும்.

நாற்பதுக்கு மேல் ஒரு புதுமொழி

1017இல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றி, அங்கிருந்த அறிஞர்களையும் கஜினிக்குக் கொண்டுபோனார். அல்-பிரூனியும் அவர்களில் ஒருவர். விரும்பிப் போன இடமல்ல அது. ஆனாலும் அங்கிருந்து சிந்து நதிப் பகுதிக்கும் பஞ்சாபுக்கும் வந்து போகும் வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார். நூல்களைத் தேடி வாங்கினார். விளக்கம் சொல்லப் பண்டிதர்களை நாடினார். முதலில் வானியல் அறிந்தவர்கள் முன் மாணவராக அமர்ந்தவரை, பிறகு அவர்களே வியந்து, எந்த இந்திய ஆசானிடம் கற்றீர் என்று கேட்டார்களாம்.

பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தார். 1030இல் கிதாபுல் ஹிந்த் என்று நாம் அழைக்கும் பெருநூலை முடித்தார். மொத்தம் 80 அத்தியாயங்கள். இறைவனைப் பற்றிய கருத்து, சாதிகள், எடையும் அளவும், எழுத்து, ஆறுகள், கிரகணம், திருமணம், விரதம், இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு என்று ஒரு சமுதாயத்தின் அன்றாட வாழ்வே அதில் இருக்கிறது. அதே காலத்தில் நம் ஓசூர்ப் பக்கம் ராஜேந்திர சோழனின் ஆட்சியில் இருந்தது. தமிழகம்வரை அல்-பிரூனி வரவில்லை.

அவர் கைக்கொண்ட ஒழுங்கு நாம் கவனிக்க வேண்டியது. நேரில் பார்ப்பதையும் பிறர் சொல்லக் கேட்பதையும் முதலிலேயே பிரித்துக்கொண்டார். செய்தி சொல்பவர் விருப்பாலோ வெறுப்பாலோ அறியாமையாலோ பொய் சொல்லக்கூடும் என்று எண்ணிப் பார்த்தார். ஹதீஸில் அறிவிப்பாளர்களைச் சோதித்துப் பழகிய மரபு இது. சிலை வழிபாட்டைப் பற்றி எழுதும்போது, கற்றவர்களின் கருத்து வேறு, பாமர மக்களின் பழக்கம் வேறு என்று காட்டினார். கிரேக்கர்களும் பழைய அரபுகளும் இதே வழியில் சென்றதை நினைவூட்டினார். தவ்ஹீதில் உறுதியாக நின்ற ஒரு முஸ்லிம், தமக்கு உடன்பாடு இல்லாத நம்பிக்கையை ஒரு சொல்லும் திரிக்காமல் எழுத முடிந்தது.

புகழ்ந்து மட்டும் அவர் எழுதிவிடவில்லை. தங்கள் நாட்டைப்போல் நாடில்லை, தங்கள் அறிவைப்போல் அறிவில்லை என்ற செருக்கை இங்கே கண்டதாகக் குறை சொன்னார். கிரகணத்தின் உண்மைக் காரணம் தெரிந்தும் ராகு கதையை விடாத பிரம்மகுப்தரைக் கேள்வி கேட்டார்.

அதே நேர்மையைத் தம்மவர் பக்கமும் திருப்பினார். மஹ்மூதுக்கும் அவர் தந்தைக்கும் அல்லாஹ்வின் அருளை வேண்டிவிட்டு, மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்தன என்றும், மக்கள் சிதறினார்கள் என்றும், முஸ்லிம்கள் மீது ஆழமான வெறுப்பு உண்டாக அதுவே காரணம் என்றும் எழுதினார். மஹ்மூது இறந்த அதே ஆண்டில், அவருடைய பிள்ளைகளின் ஆட்சிக்குக் கீழ் வாழ்ந்துகொண்டே எழுதினார்.

கிப்லாவும் மலையும்

கஜினி மக்கள் எத்திசை நோக்கித் தொழ வேண்டும் என்று துல்லியமாக அறிய ஒரு தனி நூலையே எழுதினார். இன்று நாம் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் கிப்லாவுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனாக் கோட்டை அருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பிறகு உச்சியில் நின்று தொடுவானம் எவ்வளவு கோணம் தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இன்றைய அளவுக்கு மிக நெருங்கிய விடை அது. உலோகங்கள், ரத்தினக் கற்களின் அடர்த்தியையும் நீரில் இட்டு அளந்தார். நுண்ணிய அளவையே நம்பிப் பிழைக்கும் ஓசூர்த் தொழிலாளிக்கு இவர் அந்நியர் அல்ல.

வானியல் நூல் ஒன்றுக்காகச் சுல்தான் மஸ்ஊது யானைச் சுமை வெள்ளி அனுப்பியதாகவும், அதை இவர் திருப்பி அனுப்பியதாகவும் சொல்வதுண்டு. நூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. 1048 வாக்கில் கஜினியில் வஃபாத்தானார். கடைசி நாளில் பார்க்க வந்த மார்க்க அறிஞரிடம் பாட்டிமாருக்கான வாரிசுரிமைக் கணக்கு ஒன்றைக் கேட்டுத் தெளிந்தாராம். வந்தவர் விடைபெற்றுத் தெருவுக்கு வருவதற்குள் வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டதாக யாகூத் பதிவு செய்திருக்கிறார்.

நம் பங்கு

நம் தெருக்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகள் புழங்குகின்றன. வேலைக்கு வந்த வடநாட்டவரின் இந்தியும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவது எளிது. அவரிடமே கேட்பது கொஞ்சம் சிரமம். அவரும் நம்மைப் பற்றி அப்படித்தான் கேள்விப்படுகிறார். இருதரப்பிலும் வெறுப்பு வளரும் இந்த நாளில், எதிரில் இருப்பவரைச் சரியாகத் தெரிந்துகொள்வது நாம் செலுத்த வேண்டிய நீதி.

விடுமுறையில் பிள்ளைகளைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். அங்குள்ள நடுகற்களைக் காட்டி, வீரனின் கையில் என்ன ஆயுதம், மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பேசலாம். மல்லச்சந்திரம் ஏறினால் கற்களின் மேல் பெயர் கிறுக்காமல், புதையல் கதையை நம்பித் தோண்டுபவர்களைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். பாண்டவர் கதையையும் கேட்போம். அகழாய்வு சொல்வதையும் படிப்போம். இரண்டையும் வேறுபடுத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அல்-பிரூனி போன்றவர்கள் நம் வீடுகளிலிருந்தும் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.